பணம் பெற்றவர் பெயரும் பணத்துக்கு உரியவரும்: பிரித்தானிய அடிமை இழப்பீட்டில் குடும்பத் தகராறுகளைப் படிக்கும் முறை

1833 ஆகஸ்ட் 28 அன்று அரச ஒப்புதல் பெற்ற பிரித்தானிய அடிமை ஒழிப்புச் சட்டம், அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடாக இரண்டு கோடி பவுண்டு ஒதுக்கியது. அந்நாளில் அது பிரித்தானிய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. கரீபியத் தீவுகள், பிரித்தானிய கயானா, மொரீஷியஸ், நன்னம்பிக்கை முனை முதலிய இடங்களில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த சுமார் எட்டு லட்சம் மக்களைத் தலைக்கு இவ்வளவு என்று விலைபோட்டு அந்தப் பணம் பங்கிடப்பட்டது. அந்த மக்களுக்கு அதில் ஒரு பென்னிகூடத் தரப்படவில்லை. ஆன்டிகுவா, பெர்முடா போன்ற சில இடங்கள் நீங்கலாக, மற்ற இடங்களில் அவர்கள் "பயிற்சிக் காலம்" என்ற பெயரில் மேலும் சில ஆண்டுகள் பழைய எசமானர்களுக்கே கூலியில்லாமல் உழைக்கவும் நேர்ந்தது. கரீபியத் தீவுகளில் அந்த ஏற்பாடு 1838 ஆகஸ்ட் 1 அன்றுதான் முடிவுக்கு வந்தது.

இந்தப் பணத்துக்காக நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோரல்கள் லண்டனில் இருந்த இழப்பீட்டு ஆணையர்களிடம் வந்தன. அவற்றில் ஒரு பகுதி எதிர்ப்பில்லாமல் முடிந்தது. இன்னொரு பகுதியில் ஒரே தோட்டத்தின் தொகைக்கு அண்ணனும் தம்பியும், விதவைத் தாயும் மகனும், மருமகனும் மைத்துனனும், இவர்கள் எல்லோருக்கும் கடன் கொடுத்த வணிகரும் ஒருவரையொருவர் மறுத்து மனுப் போட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு தகராறை ஆவணங்களில் முதன்முறையாகப் பின்தொடர்பவருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள், கரீபியன் அல்லது மொரீஷியஸ் வரலாறு படிக்கும் மாணவர்கள், இதழாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்திருக்கிறேன்.

புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை ஒன்றுதான். பட்டியலில் ஒரு பெயரையும் அதற்கு நேரே ஒரு தொகையையும் பார்த்தவுடன், "இந்தக் குடும்பம் இவ்வளவு வாங்கியது" என்று எழுதிவிடுகிறார்கள். ஒருவர் எந்த உரிமையின் பேரில் கேட்டார், அந்த உரிமையை அவருக்குத் தந்த பத்திரம் எது, அது எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்ற மூன்றையும் அறிந்த பிறகே குடும்ப மரத்தைக் கையில் எடுக்க வேண்டும். நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்க்கிறவர் பட்டாவில் உள்ள பெயரோடு நின்றுவிடாமல் பழைய பத்திரங்களையெல்லாம் தேதி வரிசையில் அடுக்கிப் பார்ப்பாரல்லவா, அந்தக் கண் இங்கேயும் வேண்டும்.

தேடக் கூடாத இடம்

தமிழ் வாசகர்கள் பலர் இலங்கை அல்லது தென்னிந்தியக் குடும்பம் ஒன்றின் பெயரை இந்த ஆவணங்களில் தேடத் தொடங்குவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் செயின்ட் ஹெலினாவையும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. ஆகவே இரண்டு கோடி பவுண்டில் சென்னை மாகாணத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பங்கு இல்லை. இந்தியாவில் 1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று கூறியது. இழப்பீடு எதையும் அது ஏற்படுத்தவில்லை. இலங்கையில் சட்டப்படியான ஒழிப்பு 1844 இல் நடந்தது. இலங்கையின் அடிமைப் பதிவேடுகள் லண்டனில் மற்றக் காலனிகளின் பதிவேடுகளோடு ஒரே தொகுதியில் இருப்பதால் குழப்பம் வருகிறது. பதிவேடு இருப்பதைக் கொண்டு இழப்பீடும் இருந்திருக்கும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மொரீஷியஸ் கதை வேறு. அத்தீவு சட்டத்துக்குள் இருந்தது; அங்குள்ள உடைமையாளர்களுக்கு ஏறத்தாழ 21 லட்சம் பவுண்டு கிடைத்தது. அந்தத் தோட்டங்களுக்கே 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். தம் முன்னோர் வேலை செய்த தோட்டம் அதற்கு முன் யாருடையது, அதன் இழப்பீட்டுக்கு யார் யார் சண்டையிட்டார்கள் என்று அறிய விரும்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஆவணங்கள் நேரடியாகவே பயன்படும்.

முதற்படி: கோரலின் எண்ணைப் பிடித்தல்

தேடலை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் இணையத் தரவுத்தளத்தில் தொடங்குவதே எளிது. பிரித்தானிய அடிமை உடைமையின் தாக்கங்களை ஆராயும் அந்தத் திட்டம் 2009 இல் தொடங்கியது. தரவுத்தளம் 2013 இல் கட்டணமின்றிப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆளின் பெயராலும் தோட்டத்தின் பெயராலும் தேட முடியும். நான் எப்போதும் தோட்டத்தின் பெயரையே முதலில் தேடச் சொல்வேன். ஒரே பெயரில் தாத்தா, தந்தை, மகன், சித்தப்பா மகன் என்று நாலுபேர் இருப்பது அந்தக் குடும்பங்களில் சாதாரணம்.

கிடைக்கும் பக்கத்தில் காலனியின் பெயரும் கோரல் எண்ணும் இருக்கும். ஜமைக்காவில் மட்டும் எண்கள், அத்தீவின் நிர்வாகப் பிரிவான கோயிற்பற்று வாரியாகத் தனித்தனியே தொடங்குகின்றன. ஆகவே "ஜமைக்கா 112" என்று குறித்துவைத்தால் அது எதற்கும் பயன்படாது. அது செயின்ட் ஆன் கோயிற்பற்றா, ஹனோவர் கோயிற்பற்றா என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பிரித்தானிய கயானா போன்ற இடங்களில் காலனி முழுமைக்கும் ஒரே வரிசைதான்.

இந்தப் பக்கம் ஆய்வாளர்கள் எழுதிய சுருக்கம் என்பதை மறக்க வேண்டாம். மூல ஆவணங்கள் லண்டனுக்கு அருகில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில், கருவூலத் துறையின் "டி 71" என்ற தொகுதியில் இருக்கின்றன. கோரல் பதிவேடுகள், மதிப்பீட்டாளர் அறிக்கைகள், எதிர்க்கோரல்கள், தகராறுள்ள கோரல்கள் மீதான தீர்ப்புகள், திருத்தப்பட்ட தீர்ப்புகள், கடிதங்கள் ஆகியவை அதற்குள் தனித்தனிப் பிரிவுகளாக உள்ளன. கோரல் எண் ஒன்றுதான் இந்தப் பிரிவுகளையெல்லாம் இணைக்கும் கயிறு.

இரண்டாம் படி: பெயருக்குப் பக்கத்தில் உள்ள சொல்

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் அருகில் அவர் எந்த நிலையில் வருகிறார் என்ற குறிப்பு இருக்கும். உரிமையாளர், ஆயுட்கால அனுபவ உரிமையாளர், அடமானம் பெற்றவர், நீதிமன்றத் தீர்ப்பின் வழிக் கடனை வசூலிக்க உரிமை பெற்றவர், ஆண்டுத்தொகை பெறுபவர், உயிலின்படி கொடை பெறுபவர், உயில் நிறைவேற்றுநர், அறங்காவலர், சிறுவர்களின் காப்பாளர், திவாலானவரின் சொத்தை ஏற்றவர் எனப் பலவகை உண்டு. இவர்களில் கைக்கு வந்த பணத்தைத் தமக்கென்றே வைத்துக்கொள்ளக் கூடியவர்கள் சிலரே.

உயில் நிறைவேற்றுநரும் அறங்காவலரும் பணத்தை வாங்கி இன்னொருவரிடம் சேர்க்க வேண்டியவர்கள். ஆயுட்கால அனுபவ உரிமையாளருக்குத் தம் வாழ்நாள் வரை அந்தத் தொகையின் வட்டி மட்டுமே சொந்தம். முதல் அப்படியே நின்று, அவருக்குப் பிறகு வரவேண்டியவருக்குச் சேரும். கணவன் பெயரில் வந்த கோரல் மனைவியின் உரிமையில் வந்ததாக இருக்கலாம். அக்கால ஆங்கிலச் சட்டத்தில், மணமான பெண்ணின் உடைமை தனி ஏற்பாட்டுப் பத்திரத்தால் காக்கப்பட்டிருந்தால் ஒழிய, அதன் ஆளுகை கணவன் கைக்குப் போய்விடும். பெண்கள் பெரும் எண்ணிக்கையில் கோரியிருக்கிறார்கள். அவர்களில் விதவைகளும் மணமாகாதவர்களும் மிகுதியாகத் தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

இந்தப் படியைத் தாண்டிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு எக்சிட்டர் நகரத்து ஆயர் ஹென்றி பில்பாட்ஸ். ஜமைக்காவில் 665 பேருக்காக ஏறத்தாழ 12,700 பவுண்டு வழங்கப்பட்டதில் அவர் பெயர் இருந்தது. ஓர் ஆயரே இத்தனை பேரை அடிமைகளாக வைத்திருந்தார் என்று நெடுங்காலமாகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வந்தது. 1833 இல் இறந்த டட்லி பிரபுவின் உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர்களில் ஒருவராகவே அவர் அங்கு வருகிறார் என்பதை ஆவணம் காட்டுகிறது. அடிமை உடைமையை நிர்வகிக்க ஓர் ஆயர் முன்வந்தது சிறிய செய்தி என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணம் அவருடையது என்று எழுதுவது தவறு. அவர் செய்ததை எழுதினாலே போதுமான கனம் இருக்கிறது.

மூன்றாம் படி: எதிர்க்கோரலைப் படித்தல்

நடைமுறை இப்படி இருந்தது. 1834 ஆகஸ்ட் 1 அன்றைய நிலவரப்படி தம்மிடம் இருந்தவர்களுக்காக உடைமையாளரோ அவருடைய முகவரோ படிவம் கொடுப்பார். ஒவ்வொரு காலனியிலும் இருந்த துணை ஆணையர்களும் மதிப்பீட்டாளர்களும் அதை அடிமைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, வயல்வேலை செய்பவர், கைத்தொழிலாளர், வீட்டுவேலை செய்பவர், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை, முதியவர் என்று வகைபிரிப்பார்கள். அந்தத் தொகையில் தமக்கும் பாத்தியதை உண்டு என்று கருதுபவர் எதிர்க்கோரல் தாக்கல் செய்யலாம். எதிர்க்கோரல் வந்தவுடன் அந்தக் கோரல் தகராறுப் பட்டியலுக்குப் போய்விடும். பிறகு ஆணையர்களே விசாரித்துத் தீர்ப்பளிப்பார்கள். அதிலும் உடன்படாதவர் மன்னரின் ஆலோசனைச் சபைக்கு மேல்முறையீடு செய்யச் சட்டம் இடம் தந்தது.

எதிர்க்கோரல் பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடும். இன்ன ஆண்டில் எழுதப்பட்ட இன்னாரின் உயிலின்படி தமக்கு ஆண்டுக்கு இவ்வளவு வரவேண்டும், இத்தனை ஆண்டு பாக்கி நிற்கிறது என்ற அளவில் ஒன்று இருக்கும். இன்ன தேதி அடமானப் பத்திரத்தின்படி முதலும் வட்டியும் சேர்த்து இவ்வளவு என்று மற்றொன்று இருக்கும். சுருக்கமாக இருந்தாலும் இதில்தான் தேடலின் உயிர் இருக்கிறது, ஏனென்றால் எந்தப் பத்திரத்தைத் தேடிப் போக வேண்டும் என்பதை இந்த வரிகளே சொல்லித் தருகின்றன. பத்திரத்தின் தேதி, அதை எழுதியவர், தொகை, பணம் எந்த நாணயத்தில் சொல்லப்பட்டிருக்கிறது ஆகிய நான்கையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நாணயத்தை ஏன் சேர்த்தேன் என்றால், ஜமைக்கா உயில்களில் "பவுண்டு" என்று எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் தீவின் உள்ளூர்க் கணக்கு. அதில் 140 பவுண்டு, பிரித்தானிய ஸ்டெர்லிங்கில் 100 பவுண்டுக்குச் சமம். இழப்பீடு ஸ்டெர்லிங்கில் கொடுக்கப்பட்டது. இரண்டையும் கலந்து கூட்டினால் கணக்கு நேராகாது. அங்கே தம்பி அண்ணனை ஏமாற்றியதாகக்கூடத் தோன்றிவிடும்.

நான்காம் படி: பத்திரங்களைத் தேதி வரிசையில் அடுக்குதல்

இந்த வேலையின் கடினமான பகுதியும் சுவையான பகுதியும் இதுதான், ஆகவே ஒரு கற்பனைத் தோட்டத்தை வைத்துச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஜமைக்காவில் 150 பேர் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஒரு தோட்டம் என்று கொள்வோம். அங்கே சராசரி இழப்பீடு ஒருவருக்கு 20 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. தோட்டத்துக்கு 2,900 பவுண்டு தீர்மானிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தந்தை 1810 இல் எழுதிய உயிலில் மனைவிக்கு ஆண்டுக்கு 140 உள்ளூர்ப் பவுண்டு கொடுக்கவும், இரண்டு மகள்களுக்குத் தலா 700 உள்ளூர்ப் பவுண்டு கொடுக்கவும் தோட்டத்தின்மேல் பொறுப்பு ஏற்றிவிட்டு, மீதியை மூத்த மகனுக்கு வைத்தார். தந்தை இறந்தபின் 1820 இல் மகன் லண்டன் வணிகர் ஒருவரிடம் தோட்டத்தையும் அதிலிருந்த மக்களையும் அடமானம் வைத்து 2,000 பவுண்டு ஸ்டெர்லிங் வாங்கினார். தாய்க்கு ஆறு ஆண்டு பாக்கி. மகள்களுக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. இழப்பீடு அறிவிக்கப்பட்டதும் மகன் உரிமையாளராகவும், வணிகர் அடமானம் பெற்றவராகவும், தாயும் மகள்களும் உயிலின்படியும் கோருகிறார்கள்.

ஸ்டெர்லிங் கணக்கில் தாயின் பாக்கி 600 பவுண்டு. மகள்களுக்குத் தலா 500. அடமானத்துக்கு முன்னுரிமை என்றால், 2,000 போக 900 மிஞ்சும்; அதில் தாய்க்கு 600 போனால் மகள்கள் இருவருக்கும் சேர்த்து 300 மட்டுமே. உயிலுக்கு முன்னுரிமை என்றால், முதலில் 1,600 குடும்பப் பெண்களுக்குப் போய், வணிகருக்கு 1,300 தான் மிஞ்சும். தாயின் எதிர்கால ஆண்டுத்தொகைக்காக ஒதுக்க வேண்டியதையும் கடனின் வட்டியையும் எளிமைக்காக விட்டுவிட்டேன். எப்படிப் பார்த்தாலும், "உரிமையாளர்" என்று பட்டியலில் நிற்கும் மகனுக்கு ஒன்றும் தேறாது.

முன்னுரிமை யாருக்கு என்பதை 1810, 1820 என்ற இரண்டு தேதிகளும், உயிலில் இருந்த பொறுப்பை அறிந்தே வணிகர் கடன் கொடுத்தாரா என்ற கேள்வியும் முடிவு செய்யும். தந்தையே 1805 இல் கடன் வாங்கியிருந்தால் கதை தலைகீழாகிவிடும், ஏனென்றால் இறந்தவரின் கடன் தீர்ந்த பிறகே அவர் கொடுத்த கொடைகள் நிற்கும். ஒரு குடும்பத்தில் அம்மாவும் மகனும் எதிரெதிர் மனுப் போட்டிருப்பதைக் கண்டு பகை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வணிகர் முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் தடுக்க, தாயின் பெயரில் உள்ள பழைய பாத்தியதையை முன்னே நிறுத்துவது மகனுக்கே உகந்ததாகவும் இருந்திருக்கலாம். பகையா கூட்டா என்பதற்குக் கடிதங்களிலோ வழக்குப் பத்திரங்களிலோ சான்று கிடைத்தால் மட்டும் எழுதுங்கள்.

கடன் கொடுத்தவர் பின்னாளில் தோட்டக்காரக் குடும்பமாகவே மாறிப்போன நேர்வுகளும் உண்டு. யார்க்‌ஷயரின் ஹேர்வுட் பிரபுக்களான லாசல்ஸ் குடும்பம், பார்படோஸ் முதலிய இடங்களில் கடனைத் திருப்ப முடியாத தோட்டக்காரர்களின் சொத்துகளை அடமானத்தின் வழியாகக் கைக்கொண்டது. 1830களில் அந்தக் குடும்பத்துக்கு 1,277 பேருக்காக 26,307 பவுண்டு வந்தபோது அவர்கள் உரிமையாளர்களாகவே வருகிறார்கள். பழைய உடைமையாளர் குடும்பத்தின் வழித்தோன்றல்களைத் தேடுபவர் இத்தகைய இடங்களில் ஒரு தலைமுறை பின்னோக்கிப் போய் அடமானத்தைப் பார்க்க வேண்டும்.

உயில்களைத் தேட இரண்டு இடங்கள் முக்கியம். இங்கிலாந்தில் சொத்து இருந்தவர்களின் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டன. 1858 வரையிலான அவற்றின் படிகள் கியூ காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பெறலாம். காலனியிலேயே வாழ்ந்து இறந்தவர்களின் உயில்களை அந்தந்தக் காலனியின் பதிவகத்தில் தேட வேண்டும். திருமண ஏற்பாட்டுப் பத்திரங்களும் அடமானங்களும் கூடப் பெரும்பாலும் அங்கேதான்.

உயிலைப் பின்தொடரும்போது பெயர் மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். ஜமைக்காவின் பெருஞ்செல்வர் சைமன் டெய்லர் 1813 இல் இறந்தார். சொத்து அவருடைய தம்பி மகனுக்குப் போய், அவரும் 1815 இல் இறந்ததால், தம்பி மகளான அன்னா சுசானாவை அடைந்தது. அவருடைய கணவர் ஜார்ஜ் வாட்சன் அதன்பின் ஜார்ஜ் வாட்சன் டெய்லர் ஆனார். சொத்தைப் பெறுகிறவர் குடும்பப் பெயரையும் ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு அக்காலத்தில் வழக்கமாக இருந்ததால், "டெய்லர்" என்று முடிகிறவரெல்லாம் அந்த இரத்தம் என்று கொள்ள முடியாது. மலைக்க வைக்கும் செல்வம் என்று பேசப்பட்ட அந்தச் சொத்து மருமகன் கைக்கு வந்து இருபது ஆண்டுகள் முடிவதற்குள், 1832 இல், அவருடைய எர்ல்ஸ்டோக் மாளிகையின் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன.

ஐந்தாம் படி: எந்த ஊர்ச் சட்டம்?

ஆங்கிலச் சட்டத்தை எல்லாக் காலனிக்கும் பொருத்திவிடக் கூடாது. உயில் இல்லாமல் இறந்தவரின் அசையாச் சொத்து மூத்த மகனுக்கு, அசையும் சொத்து மனைவிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் என்பது ஆங்கில வழக்கம். அப்படியானால் அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்கள் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்ற கேள்வி வரும். பார்படோஸ் சட்டமன்றம் 1668 இலேயே அவர்களை அசையாச் சொத்து என்று அறிவித்தது. அதனால் அங்கே மூத்த மகனின் வாரிசுரிமையும், விதவைக்கு வாழ்நாள் வரையிலான மூன்றில் ஒரு பங்கு உரிமையும் மனிதர்கள்மீதே ஏறின. இதைப் படிக்கும்போது வயிற்றைப் புரட்டும்; ஆனாலும் தகராறு எதற்காக என்பதை விளங்கிக்கொள்ள இதைத் தாண்டிப் போக முடியாது.

பிரித்தானிய கயானாவிலும் நன்னம்பிக்கை முனையிலும் ரோமன்-டச்சுச் சட்டம் நடப்பில் இருந்தது. மொரீஷியஸில் பிரெஞ்சு உரிமையியல் சட்டம். டிரினிடாடில் எசுப்பானியச் சட்டத்தின் தொடர்ச்சி. பிரெஞ்சுச் சட்டத்தில் தந்தை தம் பிள்ளைகளை முழுவதும் ஒதுக்கிவிட்டு உயில் எழுத முடியாது. கணவன் மனைவி இருவருக்கும் பொதுச் சொத்து என்ற ஏற்பாடும் உண்டு. ஆகவே மொரீஷியஸ் கோரலில் ஏழெட்டு உடன்பிறந்தவர்கள் சேர்ந்து நிற்பது தகராறின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. அதே காட்சி பார்படோஸில் தென்பட்டால் ஏன் என்று கேட்க வேண்டும்.

ஆறாம் படி: பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

தோட்டக்காரர்களில் பலருக்கு அடிமைப்படுத்தப்பட்ட பெண்களிடமோ சுதந்திரம் பெற்ற கலப்பினப் பெண்களிடமோ பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்தவருக்கு உயில் இல்லாத சொத்தில் ஆங்கிலச் சட்டம் எந்தப் பங்கும் தரவில்லை. உயிலில் எழுதி வைக்கலாம் என்றால், ஜமைக்காவில் 1761 ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளையர் தம் கலப்பினப் பிள்ளைகளுக்கு 2,000 உள்ளூர்ப் பவுண்டுக்கு மேல் விட்டுச் செல்வதைத் தடுத்தது. பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் தனிச் சட்டம் வாங்கி அதற்கு விலக்குப் பெற்றார்கள். எனவே 1830களில் கலப்பின மகள் ஒருவர் எதிர்க்கோரல் போட்டுத் தோற்றிருந்தால், அவர் சொன்ன உறவு பொய் என்று அதற்குப் பொருளில்லை. உறவு உண்மையாக இருந்து, உரிமை மட்டும் சட்டத்தில் நிற்காமல் போயிருக்கலாம். உயில்களில் "இயற்கை மகள்" (அதாவது திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்), "என் மகன் எனப்படுபவர்" என்று வரும் இடங்களைக் கண்டால் நிறுத்திப் படியுங்கள்.

சுதந்திரமான கலப்பினத்தவர்களிலும் கறுப்பினத்தவர்களிலும் ஒருவர் இருவரை அடிமையாக வைத்திருந்து இழப்பீடு பெற்றவர்கள் உண்டு. கோரியவர் என்றாலே இங்கிலாந்து மாளிகையில் இருந்த வெள்ளைக்காரப் பிரபு என்று எண்ணிக்கொண்டு தேடினால் பாதிப் பட்டியல் கண்ணில் படாது.

ஏழாம் படி: பணம் உண்மையில் எங்கே போனது

தீர்ப்பும் பட்டுவாடாவும் ஒன்றல்ல. தோட்டம் ஏற்கெனவே சான்சரி என்ற, உயில், அறக்கட்டளை, சொத்துத் தகராறுகளை விசாரித்த ஆங்கில நீதிமன்றத்தின் வழக்கில் இருந்தால், இழப்பீடு அந்த நீதிமன்றத்தின் தலைமைக் கணக்காளர் பெயரில் செலுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். பட்டியலில் கணக்காளரின் பெயரைக் கண்டால் தேடலைச் சான்சரி ஆவணங்களுக்கு நகர்த்துங்கள். அங்கே வழக்கின் தலைப்பு, அதாவது வாதியும் பிரதிவாதியும் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும். எதிர்க்கோரலிலேயே பெரும்பாலும் அது சொல்லப்பட்டிருக்கும். அந்த வழக்குகளில் தாக்கல் செய்யப்பட்ட மனுக்கள் நீளமானவை, கையெழுத்து கடினமானது. ஆனால் மூன்று தலைமுறைக் குடும்ப வரலாற்றை வாதி தம் சார்பில் முழுவதுமாகச் சொல்லியிருப்பார். அதைப் பிரதிவாதியின் பதிலோடு சேர்த்துப் படித்தால் குடும்பத்தின் வடிவம் வேறெங்கும் கிடைக்காத அளவுக்குத் தெளிவாகும்.

கோரியவர் விசாரணை முடியுமுன் இறந்துவிட்டால் அவருடைய உயில் நிறைவேற்றுநர் அந்த இடத்துக்கு வருவார். பட்டியலில் புதிய பெயர் முளைப்பதற்கு இது ஒரு சாதாரணக் காரணம். லண்டனில் போய்ப் பணத்தை வாங்கிக் கையெழுத்திட்டவர் பெரும்பாலும் அதிகாரப் பத்திரம் பெற்ற முகவரோ வணிக நிறுவனமோதான். நன்னம்பிக்கை முனையில் இருந்த சிறு உடைமையாளர் பலர், லண்டன் வரை போக வழியில்லாமல், தம் கோரலைத் தள்ளுபடி விலைக்கு முகவர்களிடம் விற்றுவிட்டார்கள். அங்கே பணம் வாங்கியவருக்கும் அந்த வீட்டுக்கும் தொடர்பே இருக்காது.

தொகையை எழுதும்போது

ஒரு கோரலின் தொகையைக் குடும்பத்தின் மொத்தத் தொகையாக எழுதாதீர்கள். பிற்காலத்தில் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டனுக்கு 2,508 பேருக்காக வந்த 1,06,769 பவுண்டு, பிரித்தானிய கயானாவிலும் ஜமைக்காவிலும் இருந்த பல தோட்டங்களின் தனித்தனிக் கோரல்களைக் கூட்டி வந்தது. அதேபோல் ஒரே தொகை மூன்று அறங்காவலர்களின் பெயரில் வந்தால் மூவருக்கும் மூன்று முறை எழுதிவிடக் கூடாது.

காலனிக்குக் காலனி தலைத்தொகையும் பெரிதும் மாறும். 1822 முதல் 1830 வரை அந்தந்தக் காலனியில் மனிதர்கள் விற்கப்பட்ட சராசரி விலையை வைத்தே பங்கு பிரிக்கப்பட்டது. புதிய நிலமும் ஆள் பற்றாக்குறையும் இருந்த பிரித்தானிய கயானாவில் ஒருவருக்கு 50 பவுண்டுக்கு மேல் வந்தது; ஜமைக்காவில் அதில் பாதிகூட இல்லை. ஆகவே பெரிய தொகை என்றால் பெரிய தோட்டம் என்று கொள்ளாமல், ஆள்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே குறிக்க வேண்டும். இன்றைய மதிப்பில் எத்தனை கோடி என்று மாற்றிச் சொல்லும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. பொருள் விலையை வைத்துப் பெருக்கினால் ஒரு விடை, கூலியை வைத்துப் பெருக்கினால் பல மடங்கு பெரிய வேறொரு விடை, நாட்டு வருமானத்தின் பங்காகப் பார்த்தால் இன்னும் பெரிய மூன்றாவது விடை வரும். எந்த அளவுகோலை எடுத்தீர்கள் என்று சொல்லாமல் எழுதும் தொகை வாசகரை ஏமாற்றும்.

கடைசிப் படி: பதிவேட்டுக்குத் திரும்புதல்

தகராறின் முடிவைக் கண்டறிந்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பலர் அதைச் செய்வதில்லை. அந்தத் தோட்டத்தின் அடிமைப் பதிவேட்டை எடுங்கள். பல காலனிகளில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எழுதப்பட்ட இந்தப் பதிவேடுகளும் டி 71 தொகுதியிலேயே இருக்கின்றன; இணையத்தில் தேடவும் முடியும். ஜமைக்காப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயர், நிறம், வயது, ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா என்பது ஆகியவை இருக்கும். பல இடங்களில் தாயின் பெயரும் இருக்கும். முந்தைய பதிவேட்டுக்குப் பிறகு கூடியவர், குறைந்தவர், அதற்கான காரணம் ஆகியவையும் உண்டு.

இந்தப் பட்டியலை உயிலோடு ஒப்பிட வேண்டும். உயிலில் மகளுக்கு "இன்ன பெண்ணும் அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளும்" என்று எழுதப்பட்டிருந்தால், அந்தப் பெண் பிந்தைய பதிவேட்டில் யாருடைய பெயரின் கீழ் வருகிறார் என்று பாருங்கள். அண்ணனின் தோட்டத்திலேயே தொடர்ந்து இருக்கிறார் என்றால் மகளுக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்பதற்கு அதுவே சான்று. எதிர்க்கோரலில் அந்த மகள் சொன்னதற்கு வலு கிடைக்கும். உயிலில் ஒருவருக்கு விடுதலை எழுதப்பட்டிருந்து, 1832 பதிவேட்டிலும் அவர் அடிமையாகவே இருக்கக் கண்டால், கடன் கொடுத்தவர்களைக் காரணம் காட்டி நிறைவேற்றுநர் அந்த விடுதலையை நிறுத்திவைத்தாரா என்று தேடுங்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைக் கண்டுபிடிக்க இந்த ஒப்பீடு மிகவும் உதவும், ஏனென்றால் எதிர்ப்பில்லாமல் முடிந்த கோரலில் எண்ணிக்கையும் தொகையும் மட்டுமே எஞ்சும். உடன்பிறந்தவர்கள் பங்குக்காக வழக்காடிய இடத்தில்தான் யார் யாருக்கு எழுதிவைக்கப்பட்டார்கள் என்று ஆள் ஆளாகப் பெயர் சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பெயர்களைக் கோரல் எண்ணோடும் பதிவேட்டு ஆண்டோடும் சேர்த்து உங்கள் குறிப்பேட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.